மந்தியின் வழியறிந்த மா. கிருஷ்ணன்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்தில் வாழும் விலங்கு, புள், மரம், பூ முதலியவற்றைக் கருப்பொருள் என்றும் வகுத்துக் கொண்டவர்கள் நம் முன்னோர். ஓர் உயிரை அதன் நிலத்தினின்று பிரித்துப் பார்த்தல் அவர்க்கு உடன்பாடன்று. மலையைப் பாடிய புலவன் அம்மலையில் எம்மரம் எப்போது காய்க்கும், அதன் கனியை நாடி எவ்விலங்கு வரும் என்பதை அறிந்தே பாடினான். கணவனாகிய கலையை இழந்த மந்தியொன்று தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலைச்சரிவில் வீழ்ந்து மாய்வதைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர் காட்டுகின்றார். குட்டியைச் சுற்றம் ஏற்கும் என்னும் குறிப்பு, குரங்குகள் கூட்டமாகக் கூடி வாழும் இயல்பைக் கண்டறிந்தவர்க்கே வாய்ப்பது.

இவ்விலக்கணத்தை ஏட்டில் கற்றோர் பலர். காட்டில் கற்றோர் மிகச் சிலர். அச்சிலருள் முதல்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் மா. கிருஷ்ணன். மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகிவிட்ட அப்பெருமகனாரின் வாழ்வைக் கவிஞர்களும் சுவைஞர்களும் நிறைந்த நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமே. அவரை விலங்கியல் அறிஞர் என்று மட்டும் கருதி இலக்கிய உலகம் ஒதுக்கிவிட்டது. அவரோ தமிழ் இலக்கியத்தின் நடுவீட்டில் பிறந்தவர்.

தந்தை வழி வந்த செல்வம்

தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் எட்டு மக்களுள் கடைக்குட்டி கிருஷ்ணன். 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். மாதவையா உப்பு, ஆயத்துறையில் அலுவல் பார்த்தவர். அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பக்கத்து உப்பளங்களைக் கண்டு பழகிய நமக்கு அத்துறையின் வெயிலையும் அலைச்சலையும் விளக்க வேண்டுவதில்லை. அந்த அலைச்சலுக்கிடையே அவர் 'பத்மாவதி சரித்திரம்' முதலிய நூல்களை எழுதினார். பணிக்காலம் முடியுமுன்பே ஓய்வு பெற்று, 'பஞ்சாமிர்தம்' என்னும் திங்களிதழையும் நடத்தினார்.

1925ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில், இளங்கலை வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று வாதிட்டுப் பேசி அமர்ந்த மாதவையா, அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. தமிழுக்காகப் பேசிய பேச்சே தந்தையின் இறுதிப் பேச்சாக அமைந்தது என்பதை அச்சிறுவர் வாழ்நாள் முழுதும் மறந்திருக்க இயலாது. குடும்பமும் எழுத்துக் குடும்பமாகவே விளங்கிற்று. தமையனார் அனந்தநாராயணன் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்தவர். ஆங்கிலத்தில் நாவல் எழுதிப் புகழ் பெற்றவர்.

அன்று எட்வர்டு எலியட்ஸ் சாலை என வழங்கிய இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில் 'பெருங்குளம் இல்லம்' என்னும் வீடு அக்குடும்பத்துக்கு இருந்தது. பெருங்குளம் மாதவையாவின் பிறந்த ஊர். அக்காலத்து மயிலாப்பூர் தோப்பும் புதரும் குளமும் செறிந்த பகுதி. அணிலும் ஓணானும் கீரியும் உலவிய வீட்டுத் தோட்டமே கிருஷ்ணனின் முதற் பள்ளி. கொல்லைப்புறத்தில் வாழும் எளிய உயிரையும் காட்டு யானையையும் ஒரே கவனத்தோடு பார்க்கும் பழக்கம் அங்கே தொடங்கி இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

கல்வியும் கலையும்

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1931இல் இளங்கலைப் பட்டம் பெற்றார்; பின்னர்த் தாவரவியலில் முதுகலைப் பட்டம் பெற்றார்; சட்டமும் பயின்றார். அக்கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக விளங்கியவர் ஃபைசன். நீலகிரி, பழனி மலைச் சிகரங்களின் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் மதிக்கப்படுவது. அவருடன் கோடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் சென்று செடிகொடிகளை நேரில் கண்டறியும் பயிற்சி கிருஷ்ணனுக்குக் கிட்டியது. ஃபைசனின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் தீட்டும் முறையையும் கற்றுக்கொண்டார்.

இத்தாவரவியல் பயிற்சியே பிற்காலத்தில் அவருடைய விலங்காய்வுக்கு அடித்தளமாயிற்று. விலங்கைக் காண்பவர் பலர். அவ்விலங்கு கடித்துத் துப்பிய காய் எம்மரத்தது என்று அறிபவர் சிலர். மரத்தின் பெயரறியாதவன் அம்மரத்தில் அமர்ந்த மந்தியைப் பற்றிப் பாதிச் செய்தியே சொல்ல முடியும்.

சந்தூரில் ஏழாண்டு

பட்டங்கள் இருந்தும் நிலையான வேலை எளிதிற் கிட்டவில்லை. ஓவியமும் கட்டுரையும் சிறு ஊதியமே தந்தன. 1942இல் இந்துமதி அம்மையாரை மணந்தார். அவ்வாண்டே பெல்லாரிக்கு அருகிலிருந்த சந்தூர்ச் சிற்றரசில் அவருக்கு வேலை கிடைத்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், மன்னரின் அரசியற் செயலாளர் எனப் பல பொறுப்புகளை அங்கே ஏற்றார். ஆடு மேய்த்துப் பார்த்தார். புறாக்களை வளர்த்துத் தபாலுக்குப் பழக்கும் முயற்சியிலும் ஈடுபட்டார். கற்றறிந்த ஒருவர் ஆட்டின் பின் செல்வது உலகியலார்க்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின் ஆடு எந்தப் புல்லை முதலில் தேடும், எந்தப் புதரைத் தொடாது விடும், நண்பகலில் எங்கே நிழல் கொள்ளும் என்பனவற்றை அறிய அதனினும் சிறந்த கல்லூரி உண்டோ?

சந்தூரைச் சூழ்ந்த குன்றுக்காடுகள் அவருக்கு ஓய்வின்றிப் பாடம் புகட்டின. இதழ்களுக்குத் தொடர்ந்து எழுதத் தொடங்கியதும் அங்கிருந்தே. சிற்றரசுகள் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபோது, 1949இல் அவ்வேலை முடிவுற்றது. சென்னைக்குத் திரும்பிய அவர், எவரிடமும் மாதச் சம்பளம் பெறாமல் எழுத்தையும் ஒளிப்படத்தையும் மட்டுமே நம்பி வாழத் துணிந்தார். மனைவியும் மகனும் உடைய நாற்பதை நெருங்கும் ஒருவர் எடுத்த இம்முடிவு எளிதானதன்று.

நாற்பத்தாறு ஆண்டுப் பத்தி

1950ஆம் ஆண்டு கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் நாட்டுப்புறக் குறிப்பேடு என்னும் பொருள்படும் பத்தியைத் தொடங்கினார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வெளிவந்த அப்பத்தி 1996இல் அவர் மறையும் வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் தொடர்ந்தது. ஒரே எழுத்தாளர் ஒரே பொருளில் இத்துணைக் காலம் இடையறாது எழுதியது இந்திய இதழியலில் அரிய நிகழ்ச்சி எனலாம்.

ஒளிப்படக் கலையிலும் அவர் தமக்கென ஒரு வழி வகுத்துக்கொண்டார். பல கருவிகளின் உறுப்புகளை ஒன்றுசேர்த்துத் தாமே அமைத்த கனத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். கறுப்பு வெள்ளைப் படங்களையே போற்றினார். அழகுக்காக மட்டும் எடுக்கப்பட்டவை அல்ல அப்படங்கள். விலங்கு நிற்கும் மண், அதன் பின்னுள்ள புதர், அது மேயும் புல் யாவும் தெளிவாகத் தெரியவேண்டும் என்பது அவர் கொள்கை. முதுமலை, பெரியாறு முதலிய காடுகளில் நடந்தும், பழக்கிய யானை மீதமர்ந்தும் பல்லாண்டு திரிந்தார்.

குரங்கினத்தின் இடமும் உணவும்

கிருஷ்ணன் காடுகளில் திரிந்த அவ்வாண்டுகளில் உலகின் பல பகுதிகளிலும் அறிஞர்கள் கூண்டை விட்டு வெளியேறிக் காட்டுக் குரங்குகளைப் பின்தொடரத் தொடங்கியிருந்தனர். இத்துறையின் தொடக்கத்தில் நிற்பவர் ஒரு கவிஞர் என்பது நம் வட்டத்தினர்க்கு உவப்பளிக்கும் செய்தி. தென்னாப்பிரிக்காவின் யூஜீன் மாரே (1871–1936) ஆப்பிரிக்கான்ஸ் மொழிக் கவிஞர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வாட்டர்பெர்க் மலைப்பகுதியில் தங்கிக் காட்டுப் பபூன் கூட்டம் ஒன்றை ஏறத்தாழ மூன்றாண்டுகள் கண்காணித்தார். பபூன் என்றதும் நம் நாடக மேடைக் கோமாளியை நினைத்துவிடலாகாது; நீண்ட முகமும் வலிய பற்களும் உடைய ஆப்பிரிக்கக் குரங்கினம் அது. அதே திரான்சுவாலில் காந்தியடிகளின் தலைமையில் நம் தமிழ் மக்கள் சாரி சாரியாகச் சிறை புகுந்த காலமும் ஏறத்தாழ அதுவே. பபூன்களைப் பற்றிய மாரேயின் நூல்கள் அவர் இறந்த பின்னரே, 1938இலும் 1969இலும் வெளிவந்தன.

1971 முதல் கென்யாவின் அம்போசெலிச் சமவெளியில் ஆல்ட்மன் இணையர் தொடங்கிய பபூன் ஆய்வு தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது. இத்தகைய ஆய்வின் முறை எளியது, செய்வது கடினம். விடியுமுன் குரங்குகள் உறங்கும் மரத்தடிக்கோ பாறைக்கோ சென்றுவிட வேண்டும். அவை இறங்கியது முதல் மீண்டும் உறங்கும் வரை கூடவே நடக்க வேண்டும். குறித்த இடைவெளிதோறும் கூட்டம் எங்கே உள்ளது, எதை உண்கிறது, எங்கே நீர் பருகுகிறது என்று குறித்தல் வேண்டும். ஓராண்டுக் குறிப்புகளை வரைபடத்தில் கட்டம் கட்டமாகப் பதித்தால் அக்கூட்டத்தின் வாழ்விட எல்லை தெரியவரும். சில கட்டங்களுக்கு அவை நாள்தோறும் வரும். சிலவற்றுக்குக் கனி பழுக்கும் ஒரு திங்களில் மட்டும் வரும். அந்த ஒரு திங்கள் கட்டத்தை வீண் நிலம் என்று கருதி வெட்டி எடுத்துவிட்டால், பஞ்ச காலத்தில் அக்கூட்டம் பசியால் வாடும். அம்போசெலியில் அவற்றுக்கு உறங்கிடமும் உணவும் அளித்த மரங்கள் அழிந்தபோது, 1980களின் பிற்பகுதியிலிருந்து அங்கிருந்த பபூன் கூட்டங்கள் தம் பழைய எல்லையை விட்டு வேறிடம் பெயர்ந்தன. மரம் போனால் மந்தியும் போகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இந்தியாவில் பில்லிஸ் ஜே என்னும் அமெரிக்க அம்மையார் 1958 முதல் 1960 வரை முசுக்களை ஆராய்ந்தார். சுகியாமா என்னும் ஜப்பானியர் 1960களின் தொடக்கத்தில் தார்வார்க் காடுகளில் ஆராய்ந்தார். இவர்கள் ஓரினத்தை ஆழ நோக்கினர். கிருஷ்ணன் மேற்கொண்டதோ அகல நோக்கு. தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெருவிலங்குகள் அனைத்தும் எந்நிலத்தில், எதை உண்டு, எவ்வாறு வாழ்கின்றன என்று கணக்கெடுக்க முனைந்தார். 1968இல் ஜவகர்லால் நேரு நினைவு நிதியின் ஆய்வு நல்கை அவருக்குக் கிட்டியது. ஆய்வின் பயனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1971 முதல் தன் இதழில் தொடராக வெளியிட்டது. 1975இல் நூலாகவும் கொணர்ந்தது.

அந்நூலில் குரங்கினங்களுக்குத் தனியிடம் உண்டு. தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூவகை கூறி, மூன்றன் பெண்ணையும் மந்தி என்னும் பெயரால் வழங்கச் சொல்கின்றது. முசுவை இலையுண்ணும் நீள்வால் குரங்காகவும், ஊகத்தைக் கருங்குரங்காகவும் கொள்வது வழக்கு. கிருஷ்ணனும் பிறரும் காட்டில் கண்டவற்றை இப்பெயர்களோடு ஒப்பிட்டால் முன்னோரின் பகுப்பு எத்துணைப் பொருளுடையது என்பது விளங்கும்.

நாட்டுக் குரங்கு கன்னத்தில் பையுடையது. கிடைத்ததை விரைந்து திணித்துக்கொண்டு, பாதுகாப்பான கிளைக்குச் சென்று மெல்லும். ஆதலின் கோயில், சாலை, சந்தை என மனிதர் நடுவிலும் அதனால் பிழைக்க முடிகின்றது. சாலையோர ஆலும் அரசும் புளியும் அதற்கு வீடும் உணவும் ஆயின. முசுவுக்குக் கன்னப்பை இல்லை. இலையைச் செரிக்கும் பலவறை வயிறு உண்டு. இலையின் ஈரமே பெரும்பகுதி நீராக உதவுவதால் வறண்ட காட்டிலும் வாழும். அது உண்டு சிந்தும் தழையையும் கனியையும் தேடிப் புள்ளிமான்கள் மரத்தடியில் கூடும். மேலிருக்கும் முசு புலியைக் கண்டு குரல் கொடுத்தால் மான் ஓடும். ஒருவர் சிந்தியதில் மற்றொருவர் வாழும் இவ்வுறவு நம் காடுகளின் நாள்தோறுங் காணும் காட்சி.

மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளுக்கே உரியது கருங்குரங்கு. அதன் இறைச்சியில் மருந்திருப்பதாகக் கூறி லேகியம் செய்து விற்றோரால் அவ்வினம் பேரழிவுக்கு ஆளாயிற்று. இவற்றினும் இரங்கத்தக்கது சிங்கவால் குரங்காகிய சோலைமந்தி. அது பசுமை மாறாக் காட்டின் மேற்கிளைகளில் வாழ்வது. ஆண்டு முழுதும் ஏதேனும் ஒரு மரம் கனி தந்துகொண்டே இருத்தல் வேண்டும். வெடிபலா போன்ற மரங்களே அதன் வாழ்வாதாரம். 1970களில் களக்காடு மலையில் ஆராய்ந்த அமெரிக்கர் இருவர், அங்கு ஒரு கூட்டத்துக்கு ஏறத்தாழ 5 சதுர கிலோமீட்டர் காடு வேண்டியிருந்ததைக் கண்டனர். தேயிலைக்காக வெட்டப்பட்ட மலைகளில் அத்தகைய தொடர்ச்சியான காடு எங்கே எஞ்சியது? சோலைமந்திக்காக 1976இல் களக்காட்டில் சரணாலயம் அமைந்ததும், சைலன்ட்வேலியில் அணைத் திட்டம் கைவிடப்பட்டு அக்காடு 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும், ஓரினத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்னும் கணக்கு நாட்டின் மனச்சான்றைத் தொட்டதன் விளைவுகள் எனலாம்.

இக்கணக்கின் இன்றியமையாமையைக் கிருஷ்ணன் மிக முன்னரே உணர்ந்திருந்தார். ஒரு நாட்டின் அடையாளம் மாறிக்கொண்டேயிருக்கும் மனிதப் பண்பாட்டினும் அந்நாட்டின் நிலவமைப்பு, தாவரம், விலங்கு ஆகியவற்றையே பெரிதும் சார்ந்தது என்பது அவர்தம் உறுதியான கருத்து. அதனால்தான் அயல்நாட்டு மரங்களை நம் காடுகளில் நடுவதைக் கடுமையாக எதிர்த்தார். பசுமையாகத் தோன்றும் யாவும் காடாகிவிடா. மந்திக்கு உணவு தராத மரம் மந்தியின் கண்ணில் மரமேயன்று. அவருக்கு 1970இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. இந்திய வனவிலங்கு வாரியத்திலும் புலிகள் காப்புத் திட்டத்தின் வழிநடத்தும் குழுவிலும் பணியாற்றினார். விருதுகளுக்காக அவர் தம் கருத்தின் கூர்மையைச் சற்றும் மழுக்கிக்கொண்டாரல்லர்.

தமிழும் கிருஷ்ணனும்

தமிழுக்காக வாதிட்டவாறே உயிர் துறந்தவரின் மகன், தம் எழுத்தின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் எழுதினார் என்பது நம் உள்ளத்தை உறுத்தும் செய்தி. குற்றம் அவருடையதன்று. மரங்களையும் விலங்குகளையும் பற்றி நாற்பத்தாறு ஆண்டுகள் ஒருவரை எழுதவைத்து அவர் குடும்பத்துக்குச் சோறிட்டது வங்கத் தலைநகரின் ஆங்கில நாளிதழ். அத்தகைய இடத்தைத் தமிழிதழ் எதுவும் அவருக்கு அளிக்கவில்லை. நம் இதழ்கள் காட்டைச் சிறுவர் பகுதியிலும் வேட்டைக் கதையிலும் மட்டுமே வைத்திருந்தன.

எனினும் கிடைத்த வாய்ப்பிலெல்லாம் அவர் தமிழில் எழுதினார். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில் விலங்குகளைப் பற்றிய கட்டுரைகளை வழங்கினார். 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்னும் துப்பறியும் நாவலும் எழுதினார். அவர் மறைவுக்குப் பின் சு. தியடோர் பாஸ்கரன் அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் திரட்டி 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாக்கினார். சங்க நூற் பயிற்சியும் களப் பயிற்சியும் ஒருங்கே வாய்த்த நடை அது. சொல் சிக்கனமானது, கண்டதற்கு மேல் ஒன்றும் கூறாதது.

1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், தம் எண்பத்து நான்காம் அகவையில் சென்னையில் மறைந்தார்.

நமக்குரிய பணி

மீஞ்சூரில் சோலைமந்தி இல்லை; பசுமை மாறாக் காடும் இல்லை. ஆயினும் நெய்தலும் மருதமும் கைகோக்கும் நிலம் நம்முடையது. கொசத்தலையாறு எண்ணூர்க் கழியில் கலக்கின்றது. வடக்கே பழவேற்காட்டு ஏரி விரிந்துள்ளது. நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்து நம் கிணறுகள் உவர்த்ததை இவ்வூர்ப் பெரியோர் கண்ணாரக் கண்டுள்ளனர். அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் எழுந்த இடங்களில் முன்பு எம்மரம் நின்றது, எப்பறவை எந்தத் திங்களில் வந்தது என்று எழுதிவைத்த கவிஞர் எத்தனை பேர்? நெய்தலைப் பாடும்போது தாழையையும் புன்னையையும் பழைய பாட்டிலிருந்து எடுத்துக்கொள்கின்றோம். அவை நம் கரையில் இன்றும் உள்ளனவா என்று சென்று பார்ப்பதில்லை.

மாரே மலையடியில் மூன்றாண்டு அமர்ந்தார். கிருஷ்ணன் வாழ்நாள் முழுதும் நடந்தார். அத்துணைத் தவம் எல்லார்க்கும் இயலாது. ஆயினும் நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் தெருமுனை மரம் ஒன்றையோ கழியோரத்துத் திட்டு ஒன்றையோ தேர்ந்து, அங்கு வரும் உயிர்களை ஓராண்டு நாள் தவறாமல் குறித்துவரலாம். உப்பளத் தொழிலாளரும் மீனவ மக்களும் இறாலுக்கும் நண்டுக்கும் நீர்ப்பறவைக்கும் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதிவைக்கலாம். அப்பெயர்களுள் பல அகராதியில் ஏறாதவை. அவற்றை அறிந்த முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் இதனையும் ஒன்றாக ஏற்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.